ஃபுளோரைடு மட்டும் போதாது: பல் காவித் தரவைக் கூட்டு மாதிரியில் ஏற்றும் முறை

தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் பல் காவியை (ஃபுளோரைடு மிகுந்த நீரால் பல்லில் விழும் கறையை) ஆராயும்போது ஃபுளோரைடை மட்டும் வைத்து ரிக்ரஷன் (ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறும் என்ற கணக்கு) போடுவது போதாது. அதே ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீரில் நைட்ரேட்டும் கால்சியமும் உண்டு. கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடிய நீரில்தான் ஃபுளோரைடு கரைந்து நிற்கும். கால்சியம் ஏறினால் அதோடு சேர்ந்து படிந்துவிடும். இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துக் கணக்கிடுவதே கூட்டு மாதிரி.

எந்தத் தண்ணீர் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலான கெடுதல் இங்கேதான் நடக்கிறது. நிரந்தரப் பற்களின் எனாமல் ஏறக்குறைய 8 வயதுக்குள் உருவாகிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஊருக்கு ஊர் தண்ணீர் வந்த வருஷம் வேறு. இன்றைய குழாய் நீரை அளந்தால், அந்தப் பல்லைக் கெடுத்த நீரை அளந்ததாகாது. "பிள்ளை நடை பழகுனப்போ எந்தத் தண்ணி குடிச்சீங்க? ஒகேனக்கல் தண்ணி எப்ப வந்துச்சு?" என்று தாயிடம் கேட்டு, அந்தப் பழைய போரிலும் மாதிரி எடுங்கள்.

ஃபுளோரைடுக்குப் பிளாஸ்டிக் பாட்டில், கண்ணாடி கூடாது. ஆர்சனிக் போன்றவற்றுக்குத் தனிப் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழ் கொண்டுவாருங்கள். அந்தப் பாட்டிலிலேயே நைட்ரேட் பார்த்தால் அமிலத்தின் நைட்ரேட்டைத்தான் அளப்பீர்கள்.

கண்டறியும் வரம்புக்கு (சோதனையில் பிடிபடும் மிகக் குறைந்த அளவுக்கு) கீழான மதிப்புகள் சிலவே என்றால், வரம்பை √2-ஆல் வகுத்துப் போடுங்கள். சுழியம் போட்டால் லாக் (மடக்கை) எடுக்க முடியாது.

டீன் குறியீடு (பல் காவியின் கடுமையைக் குறிக்கும் மதிப்பெண்) 1-உம் மேலும் உள்ளவர்களை 'காவி உண்டு' என்று கொள்ளுங்கள். ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருளில் குவான்டைல் ஜி-கம்ப்யூட்டேஷனில் (எல்லாப் பொருள்களும் ஒருசேர ஒரு படி ஏறினால் காவி எவ்வளவு மாறும் என்று கணக்கிடும் முறையில்) தொடங்குவதே எங்கள் பரிந்துரை. இன்னொரு முறையான எடையிட்ட குவான்டைல் கூட்டுமுறை, எல்லாப் பொருள்களும் காவியை ஒரே திசையில் தள்ளும் என்று கொள்கிறது. கால்சியமோ எதிர்த்திசையில் இழுக்கக்கூடியது. 30 ஊரில் 600 பிள்ளைகள் என்றால், ஒரே டேங்க் நீர் குடித்தவர்களை 600 தனி அளவீடாக எண்ணாதீர்கள். பூட்ஸ்ட்ராப்பில் (தரவிலிருந்தே திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்துக் கணக்கிடும் முறையில்) பிள்ளைகளை அல்ல, ஊர்களை எடுங்கள். இல்லாவிட்டால் நம்பக இடைவெளி பொய்யாகக் குறுகும்.

ஒரு பொருளின் விளைவை மற்றொன்று மாற்றுகிறதா என்று பார்க்கப் பேயீசியன் கர்னல் ரிக்ரஷன் என்னும் வளைந்து கொடுக்கும் மாதிரியைப் பயன்படுத்துங்கள். கணக்கை 10,000 சுற்று ஓட்டி, இன்னும் நிலைபெறாத முதல் பாதியைத் தள்ளுங்கள். வரைபடத்தில் ஃபுளோரைடும் கால்சியமும் ஒருசேர உச்சத்தில் இருக்கும் மூலையைப் படிக்க வேண்டாம். அப்படி ஒரு கிணறு உங்கள் தரவில் பெரும்பாலும் இருக்காது.