வடசென்னை மாடியில் டேலியா: வளர்ப்பிலும் விதை எடுப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மலர்க்காட்சிக்குப் போய் வந்தவர்கள் டேலியாவை மலைப்பூ என்று ஒதுக்கிவிடுவதுண்டு. அந்த எண்ணம் முழுவதும் தவறன்று. டேலியாவின் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா ஆகியவற்றின் மேட்டு நிலங்கள். 1963ஆம் ஆண்டு மெக்சிகோ இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது. பகலில் மிதமான வெயிலும் இரவில் குளிர்ச்சியும் இதற்குப் பிடிக்கும். இருந்தாலும் ராயபுரத்து மொட்டை மாடியிலும் பெரம்பூர் வீட்டு வாசலிலும் டேலியாவை நன்றாகவே பூக்க வைக்கலாம். பருவமழைக்கும் கோடைக்கும் இடைப்பட்ட சில மாதங்களுக்கு மட்டும் உரிய பருவச்செடியாக அதைக் கருதி, கிழங்கை நம்பாமல் விதையை நம்பினால் போதும். இங்கே டேலியா வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, ஆண்டு முழுவதும் அதைக் காப்பாற்ற முயல்வதாலோ விதையெடுப்பில் அவசரப்படுவதாலோ வருபவை.

காலம் தவறுவது

இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. அவற்றில் பனிக்காலம் முடிந்ததும், அதாவது மார்ச், ஏப்ரல் மாதங்களில் விதைக்கச் சொல்வார்கள். அதைப் பார்த்து வண்ணாரப்பேட்டையில் ஒருவர் மார்ச்சில் விதைத்தால், செடி மொட்டு வைக்கும் நேரத்தில் அக்னி நட்சத்திரம் வந்து நிற்கும். இரவிலும் வெப்பம் தணியாத மே மாதத்தில் டேலியா வளர்ச்சியை நிறுத்திவிடும், மொட்டுகள் கருகும், சிவப்புச் சிலந்திப்பேன் இலைகளின் அடிப்பக்கத்தில் குடியேறிவிடும்.

நம் ஊருக்கு ஏற்ற கணக்கு வேறு. செப்டம்பர் பிற்பாதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிக்குள் குழித்தட்டில் விதைத்து, வடகிழக்குப் பருவமழை கொட்டும் வாரங்களில் நாற்றுகளை மாடிப்படிக் கூரையின் கீழோ வெளிச்சமுள்ள ஜன்னல் ஓரத்திலோ வைத்துக் காப்பாற்றி, நவம்பர் இறுதியில் மழை ஓயும் இடைவெளியில் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். விதை ஐந்து முதல் பத்து நாள்களில் முளைத்துவிடும். குட்டை வகைகள் விதைத்த மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கும் என்பதால், பொங்கலை ஒட்டிப் பூ பார்க்கலாம். மார்ச் முடிவதற்குள் விதையும் கைக்கு வந்துவிடும். சென்னை ஆண்டுதோறும் பெறும் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அந்த மழையில் இளநாற்றைத் திறந்தவெளியில் விட்டால் வேர் அழுகும். தப்பிப் பிழைப்பதை இரவில் நத்தை தின்றுவிடும். நாற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளிலேயே குச்சியும் ஊன்றிவிட வேண்டும். டேலியாவின் தண்டு உள்ளே குழலாக இருக்கும். கடற்காற்று வீசும் மாடியில் அது கணுவோடு முறிந்துவிடும். பிறகு குச்சி நடலாம் என்று தள்ளிப்போட்டால், அந்தக் குச்சி கிழங்குகளைக் குத்திக்கொண்டுதான் இறங்கும்.

தண்ணீரும் உரமும்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் என்று கடலை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீர் பல வீடுகளில் உவர்ப்பாக இருக்கிறது. இன்னும் வடக்கே மீஞ்சூர்ப் பகுதி நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவியிருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. இந்தத் தண்ணீரையே நாள்தோறும் தொட்டிக்கு ஊற்றினால் மண்ணில் உப்பு சேர்ந்து, முதலில் இலையின் ஓரம் காய்ந்த பழுப்பு நிறமாகும். அதைச் சத்துக்குறைவு என்று எண்ணி மேலும் உரம் போடுவதுதான் இந்த வட்டாரத்தில் நடக்கும் பெரிய தவறு. உரமும் ஒரு வகையில் உப்புதான். டேலியாவுக்கு மெட்ரோ தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ ஒதுக்க வேண்டும். வேறு வழியில்லாமல் போர் தண்ணீரே ஊற்றுபவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டியின் அடித்துளை வழியே வழிந்தோடும் அளவுக்கு ஊற்றிச் சேர்ந்த உப்பைக் கழுவிவிடலாம். வழியும் தண்ணீர் தரையை நனைக்கிறதே என்று தட்டு வைப்பதும் வேண்டாம். வேர் மூச்சு முட்டுவது ஒருபுறமிருக்க, டெங்கு கொசு ஆய்வுக்கு வரும் மாநகராட்சி ஊழியர்கள் முதலில் பார்ப்பதே அந்தத் தட்டைத்தான்.

காசிமேடு அருகில் இருப்பதால் வடசென்னையில் பலர் மீன் கழிவைச் செடிக்குப் போடுகிறார்கள். பச்சையாக அப்படியே புதைத்தால் பூனையும் பெருச்சாளியும் தொட்டியைத் தோண்டிப்போடும். வெல்லம் சேர்த்து நொதிக்க வைத்த மீன் அமிலத்தை நன்றாக நீர்த்துக் கொடுக்கலாம்; ஆனால் அதில் தழைச்சத்து மிகுதி. மொட்டு தெரிந்த பிறகும் தொடர்ந்து கொடுத்தால் செடி கரும்பச்சை இலையும் மெலிந்த தண்டுமாக உயர்ந்து, பூ குறைந்துவிடும். செம்மண், தொழு உரம், கோகோ பீட் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் சேர்த்து நிரப்பிய 12 அங்குலத் தொட்டியில் ஒரு செடிக்கு மேல் தேவையில்லை. நான்கு இணை இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ள மனம் வராதவர்களுக்கு ஒற்றைத் தண்டும் ஒன்றிரண்டு பூக்களும்தான் கிடைக்கும்.

எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. நிலக்கரிச் சாம்பலும் லாரிப் புழுதியும் இலைமேல் படிந்தால் சிலந்திப்பேன் எளிதாகப் பெருகும். காலை நேரத்தில் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தண்ணீர் தெளித்துக் கழுவலாம். மாலையில் கழுவினால் ஈரம் இரவெல்லாம் தங்கும். அதனால் காலையே நல்லது.

கிழங்கைக் கட்டிக்கொண்டு அழுவது

பருவம் முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் சிறு கிழங்குகள் கொத்தாக இருக்கும். எல்லாக் கிழங்கும் முளைக்கும் என்று பிரித்து நடுவது வீண். தண்டின் அடிக்கழுத்தில்தான் முளைக்கண் இருக்கும். அந்தக் கழுத்துத் துண்டு ஒட்டாத கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் முளைக்காது. கழுத்தோடு எடுத்தாலும், உறங்கும் கிழங்கைக் கெடாமல் வைக்க 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிர்ச்சி வேண்டும். ஏப்ரலிலும் மேயிலும் நம் வீட்டு அலமாரிக்குள் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் இருக்கும். மணலில் புதைத்து வைத்தவை சுருங்கிப் போகும். ஈரம் காட்டினால் அழுகிப் போகும். சிலருக்கு ஒன்றிரண்டு தப்பலாம். அதற்காக எடுக்கும் பாடு விதைக்கு எடுக்கும் பாட்டைவிட அதிகம் என்பது என் கருத்து. மெக்சிகோவில் இந்தக் கிழங்கைச் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் இருக்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

விதை எடுப்பதில் நேரும் தவறுகள்

முதல் தவறு எதிர்பார்ப்பில் இருக்கிறது. அடர்சிவப்பு அடுக்குப் பூவில் எடுத்த விதை மறு ஆண்டு அதே அடர்சிவப்பு அடுக்குப் பூவைத் தரும் என்று நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். பெரும்பாலான செடிகளில் குரோமோசோம்கள் இரண்டு தொகுதிகளாக இருக்க, தோட்ட டேலியாவில் எட்டுத் தொகுதிகளாக மொத்தம் 64 இருக்கின்றன. அவை ஒவ்வொரு விதையிலும் வேறு வேறு விதமாகக் கலைந்து சேர்வதால், ஒரே தலையில் எடுத்த விதைகளிலிருந்து ஒற்றை இதழ், அடுக்கு, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று எல்லாம் வரலாம். தாய்ச்செடியை அச்சாக வேண்டுபவர்கள் அதிலிருந்து தண்டு வெட்டித்தான் பதியன் போட வேண்டும்.

இரண்டாவது தவறு, ஒரே ஒரு செடியை வைத்துக்கொண்டு விதைக்குக் காத்திருப்பது. மாதவரம், செங்குன்றம் பக்கத்து நர்சரியில் பூவோடு ஒரு தொட்டி வாங்கி வந்து, பூ காய்ந்ததும் பிரித்துப் பார்த்து, வெறும் சொங்காக இருக்கிறதே என்று சலித்துக்கொள்பவர்கள் பலர். டேலியா பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒரே செடியிலிருந்து பதியன் போட்ட இரண்டு செடிகளும் இதில் ஒன்றாகவே கணக்கு. விதையிலிருந்து வந்த மூன்று, நான்கு வெவ்வேறு செடிகள் அருகருகே இருந்தால்தான் விதை பிடிக்கும்.

அடுக்கு இதழ் மிகுந்த பூவில் மகரந்தம் இருக்கும் நடுப்பகுதி இதழ்களுக்குள் மறைந்திருக்கும்; தேனீ நுழைய முடியாது. எனவே விதைக்கென்று ஒதுக்கும் பூவைப் பறிக்காமல் முதிரவிட வேண்டும். வெளியிதழ்கள் வாடிப் பின்னோக்கிச் சாயும்போது நடுவில் மஞ்சள் வட்டு தெரியும். அதை உற்றுப் பார்த்தால், அது பல நுண்பூக்களின் கூட்டம் என்பதும் விளிம்பிலிருந்து மையம் நோக்கி நாளுக்கொரு வளையமாக அவை விரிகின்றன என்பதும் புலப்படும். ஒவ்வொரு நுண்பூவும் முதலில் மகரந்தத்தை வெளியே தள்ளும். பிறகுதான் அதன் சூலகமுடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனி, இரண்டாகப் பிளந்து விரியும். ஆகவே பூவில் ஒருநாள் மட்டும் தூரிகையைத் தடவிவிட்டு நிறுத்துவது போதாது. பனி காய்ந்த காலை வேளையில், மென்மையான தூரிகையால் ஒரு செடியின் மஞ்சள் தூளை எடுத்து, வேறு செடியின் விரிந்த வளையத்தில் தொடர்ந்து சில நாள்கள் தொட்டு வைக்க வேண்டும். கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் வந்துபோகும் மாடியாக இருந்தால் இந்த வேலையே வேண்டியதில்லை. பகல் குறுகிய டிசம்பர், ஜனவரியில் அடுக்குப் பூக்கள் பலவும் நடு தெரியும்படி விரிவது டேலியாவின் இயல்பு. பூவின் அழகுக்கு அது குறைதான், விதைக்கோ வசதி.

இதழ் உதிர்ந்ததும் பூவடிச் செதில்கள் மேல்நோக்கிக் கூம்பி மூடிக்கொள்ளும். இங்கேதான் கத்தரிக்கோல் தவறாகப் பாய்கிறது. வாடிய தலைகளை நீக்க வந்தவர்கள் புதிய மொட்டை வெட்டிவிட்டு விதைக்கூம்பை விட்டுவிடுவதும், விதை எடுக்க வந்தவர்கள் மொட்டுக்கு நூல் கட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. மொட்டு உருண்டையாக, தொட்டால் கெட்டியாக இருக்கும். விதைக்கூம்பு நுனி கூர்ந்து, தொட்டால் மெத்தென்று இருக்கும். லேசாக அழுத்தினால் ஈரம் கசியவும் செய்யும். அந்த ஈரம்தான் எதிரி. கூம்பின் வாயில் சிக்கிய வாடிய இதழ்களைப் பிடுங்கி எடுக்காவிட்டால் அவை பனியை உறிஞ்சி அழுகிப் பூஞ்சணம் பிடித்து, உள்ளிருக்கும் விதையையும் கெடுக்கும். தண்டை மெல்ல வளைத்துக் கூம்பின் வாய் தரையைப் பார்க்கும்படி நூலால் கட்டிவைத்தால் தண்ணீர் உள்ளே தங்காது.

கூம்பு பச்சையாக இருக்கும்போது பறித்து வெயிலில் உலர்த்தினால் விதை முற்றிவிடும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. உலர்வது வேறு, முற்றுவது வேறு. இதழ் உதிர்ந்த பிறகு ஆறு வாரமாவது விதை செடியிலேயே இருக்க வேண்டும். செதில்கள் காகிதம்போல் பழுப்பாகி, கூம்புக்குக் கீழுள்ள காம்பும் காயத் தொடங்கிய பிறகே வெட்ட வேண்டும். இடையில் மழை வந்துவிட்டால் முக்கால்வாசி முற்றிய கூம்பை ஓர் அடி நீளத் தண்டோடு வெட்டி, வீட்டுக்குள் தண்ணீர்க் குவளையில் நிறுத்தி, இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீரை மாற்றிவந்தால் அது அங்கேயே முற்றும்.

வெட்டிய கூம்புகளை வடாம் காயவைப்பதுபோல் மார்ச் மாதத்து மொட்டை மாடித் தரையில் பரப்பக் கூடாது. சிமென்ட் தரையின் சூடு விதைக்குள்ளிருக்கும் முளையைக் கொன்றுவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில், செய்தித்தாளின்மேல் ஒரு வாரம் கிடந்தால் போதும். பிறகு கசக்கிப் பிரிக்கும்போது கிடைப்பதெல்லாம் விதை என்று நினைக்க வேண்டாம். நல்ல விதை கருஞ்சாம்பல் நிறத்தில், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், தட்டையாக இருக்கும்; விரல் நகத்தால் அழுத்தினால் நடுவில் கெட்டியாகத் தட்டுப்படும். மடங்குவது பதர், வெளிறிய மெல்லிய தகடுகள் நுண்பூக்களுக்கு இடையில் இருந்த செதில்கள். வளர்ச்சி குன்றி, இலை நரம்போரம் மஞ்சள் பட்டை ஓடிய செடியிலிருந்து விதை எடுக்கவே வேண்டாம். அசுவினியால் பரவும் வைரஸ் நோயின் அடையாளம் அது.

சேமிப்பில் கடற்கரை ஈரப்பதத்தை மறந்துவிடுகிறார்கள். பாலித்தீன் கவரில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்த விதை ஆகஸ்டுக்குள் முளைப்புத்திறனை இழப்பதில் வியப்பில்லை. விதைக்குள்ளிருக்கும் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தாலும், வைக்கும் இடத்தின் வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தாலும் விதையின் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது விதைத்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எனவே நன்றாகக் காய்ந்த விதையைக் காகித உறையிலிட்டு, உறையின்மேல் நிறத்தையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான கண்ணாடிப் புட்டியில் வைத்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். வெளியே எடுத்த புட்டியை உடனே திறந்தால் குளிர்ந்த விதைமேல் காற்றின் ஈரம் படியும். ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம்.

செப்டம்பர் தொடக்கத்தில் பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி, பத்து நாள் காயாமல் பார்த்துக்கொண்டால் முளைப்பு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஐந்துக்குக் குறைவாக முளைத்திருந்தால் குழிக்கு இரண்டு விதை போட வேண்டும். ஒன்றுகூட முளைக்காவிட்டால் அக்டோபர் நடுப்பகுதிக்குள் புது விதை வாங்கி விதைக்க இன்னும் நாள் இருக்கும்.