கோழியின் வயதைக் கேட்டு வாங்குங்கள்

பினாங்கு சௌராஸ்தா சந்தையில் கோழி வாங்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன் அதன் வயதைக் கேளுங்கள். வேகமாகச் சதை பிடிக்கும் இனமாகத் தேர்ந்து பெருக்கப்பட்ட பண்ணைக் கோழி, மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் கலந்த தீவனத்தைத் தின்று 5, 6 வாரங்களிலேயே சுமார் இரண்டு கிலோ எடையை எட்டிவிடுகிறது. அந்தத் தீவனப் பொருள்களில் பெரும்பகுதி பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருவதால், உள்ளூரில் வளர்ந்த கோழியின் விலையும் அங்குள்ள விளைச்சலையும் மலேசிய ரிங்கிட்டின் மதிப்பையும் பார்த்தே ஏறி இறங்குகிறது.

வீட்டில் கோழியை வெட்டும்போது தொடை எலும்பின் நுனியைக் கத்தியால் அழுத்திப் பாருங்கள். குருத்தாக நசுங்கினால் அது இளங்கோழி. ‘ஆயாம் கம்போங்’ (நாட்டுக்கோழி) என்று விற்கப்படுவதிலும் கொட்டகையில் வளர்ந்த கலப்பினங்கள் உண்டு என்பதால், பெயரை மட்டும் நம்பாமல், எத்தனை நாள் வளர்ந்தது, வெளியே மேய்ந்ததா என்று விசாரியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சமையலும் இதற்கேற்ப மாற வேண்டும். பாட்டி சொன்ன கணக்கில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் பண்ணைக் கோழி நார்நாராகப் பிரிந்துவிடும். ஆகவே மசாலாவை எண்ணெய் பிரியும்வரை வதக்கிய பிறகே கறியைப் போட்டு, அது விடும் நீரிலேயே வேகவைத்து, அரை மணி நேரத்திற்குள் இறக்கிவிடுங்கள்.

பொட்டல உணவில் ‘ரமுவான்’ (சேர்பொருள்கள்) பட்டியலைப் படியுங்கள். எடையில் மிகுந்த பொருள்தான் அதில் முதலில் வரும். ‘மின்யாக் சாயூர்’ (தாவர எண்ணெய்) என்றிருந்தால், இங்கே அது பெரும்பாலும் செம்பனை எண்ணெயே (பாமாயில்). 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிகப் பயிராக வேரூன்றிய செம்பனை, பிற்காலத்தில் நம் பெரியவர்கள் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டிய தோட்டங்கள் பலவற்றையும் பிடித்துக்கொண்டு, இன்று முறுக்கிலிருந்து பிஸ்கட்வரை எல்லாவற்றிலும் இருக்கிறது.

லாரிப் பயணத்தைத் தாங்குவதற்காக முழுமையாகப் பழுக்குமுன்பே பறிக்கப்பட்ட தக்காளியைக் குளிர்பெட்டியில் வைக்காமல் வெளியே பழுக்கவிடுங்கள். ‘மைகேப்’ முத்திரை நல்ல வேளாண் நடைமுறைக்கான சான்றுதான், பூச்சிமருந்தே படாத காய் என்பதற்கான உறுதி அன்று. இயற்கை வேளாண்மைக்கு ‘மைஆர்கானிக்’ என்ற தனி முத்திரை இருக்கிறது. கீரையில் ஓட்டை இருப்பதை வைத்து மருந்து அடிக்கவில்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். புழு கடித்த பிறகும் மருந்து அடிப்பார்கள்.