மூக்கை உறிஞ்சுவது வேறு, மூக்கால் அழுவது வேறு: ஸ்னிஃபிளும் ஸ்னிவலும்

ஆங்கிலக் கட்டுரையில் காலம் தவறினால், ஒருமை பன்மை மாறினால் படிப்பவர் புரிந்துகொண்டு மேலே போய்விடுவார். எழுதியவர் நேசிக்கும் ஒரு மனிதரை ஒரு சொல் அவமானப்படுத்திவிட்டால் அப்படிப் போக முடியாது. ஸ்னிஃபிள் (sniffle), ஸ்னிவல் (snivel) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் மாற்றிப் போடும்போது நடப்பது அதுதான்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் ஆங்கில மாலை வகுப்புக்கு வரும் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னால் அந்தக் கதைகள்தான் வரும், நன்றாகவே வரும். ஒரு பெண் தன் தாத்தா இறந்த நாளைப் பற்றி எழுதியிருந்தாள். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நாற்காலிகள், பெஞ்சில் வரிசையாகக் கோப்பிக் கிளாஸ்கள், தூணில் சாய்ந்தபடி பாட்டி. அந்தப் பாட்டி அழுததைச் சொல்லும் இடத்தில் 'ஸ்னிவலிங்' என்று போட்டிருந்தாள். ஆங்கிலம் நன்கு தெரிந்தவர் அந்த வரியைப் படித்தால், பாட்டி பரிதாபம் தேடி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார் என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்தப் பிள்ளை சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

ஸ்னிஃபிள் என்பது மூக்கு செய்கிற வேலை. சளி பிடித்திருக்கும்போதோ, அழுதுகொண்டிருக்கும்போதோ, அழுது முடித்த பிறகோ, மூக்கைத் திரும்பத் திரும்ப மெதுவாக உறிஞ்சுகிறோமே, அந்தச் சத்தம். அதில் பெரிதாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஸ்னிவல் அப்படியல்ல. அழுகிறவர் மேல் சொல்பவருக்கு மதிப்பில்லை என்பதையும் அது சேர்த்தே சொல்லிவிடும். கோழைத்தனமாக, குறை சொல்லிக்கொண்டே, அடுத்தவர் இரங்க வேண்டும் என்பதற்காக அழுகிறான் என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது சிரமமே இல்லை. 'பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றது' என்றால் நமக்கு அந்தப் பிள்ளைமேல் கோபம் வருவதில்லை. 'எதைச் சொன்னாலும் மூக்கால் அழுகிறான்' என்றால் அவனைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பது கேட்பவருக்குத் தெரிந்துவிடும். முதலாவது ஸ்னிஃபிள், இரண்டாவது ஸ்னிவல். அகராதியை எடுப்பதற்கு முன்னால் இந்த இரண்டு தமிழ் வாக்கியங்களையும் வாயில் சொல்லிப் பார்த்தால் போதும்.

அகராதியை எடுத்தால் குழப்பம் கூடவும் செய்யலாம். ஸ்னிவல் பழைய ஆங்கிலத்திலிருந்து வரும் சொல். மூக்குச்சளி, மூக்கு ஒழுகுவது என்பதுதான் அதன் முதல் பொருள். பெரிய ஆங்கில அகராதிகள் இன்றும் அந்தப் பொருளைக் கொடுக்கின்றன. சிலவற்றில் அதுவே முதலில் நிற்கும். மாணவர் அந்த முதல் வரியோடு மூடிவிடுகிறார். இன்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் அந்தப் பொருளில் அதைப் பயன்படுத்துவது அரிது. மூக்கால் அழுவது என்ற பொருள்தான் புழக்கத்தில் இருக்கிறது. அதனால் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் கடைசிப் பொருள்வரை படித்து, கீழே கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படிக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பாட்டி அழுத இடத்தில் ஸ்னிஃபிளிங் என்று மாற்றிவிட்டால் முடிந்ததா? இல்லை. அடுத்த தவறு அங்கேதான் இருக்கிறது. ஸ்னிஃபிள் சின்னச் சொல். பிள்ளை அழுது ஓய்ந்து, கண்ணைத் துடைத்துவிட்டு, இன்னும் மூக்கை இழுத்துக்கொண்டிருக்கிறதே, அதற்குப் பொருந்தும். கணவரை இழந்தவரின் அழுகையை அது தாங்காது. தேம்பித் தேம்பி அழுதார் என்றால் சாப் (sob). சத்தமில்லாமல் கண்ணீர் வடித்தார் என்றால் வீப் (weep). ஒப்பாரி வைப்பதுபோல் குரலெடுத்து அழுதார் என்றால் வெய்ல் (wail). வலியிலோ பயத்திலோ மெல்ல முனகினால் விம்பர் (whimper). அடிபட்ட நாய்க்குட்டிக்கும் அதே சொல்தான். சிணுங்குவதும் நச்சரிப்பதும் வைன் (whine). அன்று அந்த வாசலில் என்ன சத்தம் கேட்டது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது என்றாள். அப்படியானால் வீப்பிங். எந்தச் சொல் என்று தேடும் முன் எந்த அழுகை என்று நினைவுபடுத்திக்கொண்டால் சொல் தானாக வந்துவிடும்.

ஸ்னிவலைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. கதையில் ஒரு முரட்டு மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) சின்னப் பையனை மிரட்டுகிறார் என்று வையுங்கள். 'ஸ்டாப் ஸ்னிவலிங்' என்று அவர் கத்தினால் அவர் குணம் அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். அங்கே ஸ்னிஃபிளிங் என்று போட்டால் அதட்டலில் பாதி போய்விடும். பேசுகிறவரின் கடுமையைக் காட்ட வேண்டிய இடத்தில் அது அருமையான சொல். நீங்களே உங்கள் குரலில், நீங்கள் மதிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போதுதான் வேண்டாம்.

உச்சரிப்பிலும் கவனம் தேவை. இரண்டிலும் மேல்பல் கீழ் உதட்டைத் தொடுகிறது. ஸ்னிஃபிளில் வெறும் காற்று மட்டும் வரும். ஸ்னிவலில் தொண்டையும் சேர்ந்து அதிரும். கழுத்தில் விரல் வைத்துச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு கைக்கே தெரியும். நம் வாயில் ஃப என்பது ப்ப ஆகி 'ஸ்னிப்பிள்' என்று வந்துவிடுவதுண்டு. அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். எழுத்தில், ஸ்னிஃபிளுக்கு இரட்டை எஃப், கடைசியில் எல், பிறகு இ. ஸ்னிவலுக்கு ஒரே வி, கடைசியில் இ, பிறகு எல். ஸ்னிவலிங் என்று நீட்டும்போது பிரிட்டிஷ் முறையில் இரண்டு எல், அமெரிக்க முறையில் ஒன்று. நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் முறைதான், ஆகவே படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுத் தாளில் இரண்டு எல் போடுங்கள். கணினி சிவப்புக் கோடு போட்டால் அது அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் சளிக்கு வருவோம். புகைமூட்டக் காலத்திலும் ஆண்டுக் கடைசி மழையிலும் வீட்டுக்கு ஒருவருக்காவது மூக்கு ஒழுகும். லேசான சளியை ஆங்கிலத்தில் 'த ஸ்னிஃபிள்ஸ்' என்பார்கள். முன்னால் த வேண்டும், பன்மையில் வர வேண்டும்: 'மை சன் ஹேஸ் த ஸ்னிஃபிள்ஸ்'. இந்த இடத்தில் ஸ்னிவல்ஸ் என்று எழுதக் கூடாது. அதோடு, இது வீட்டுப் பேச்சு. பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதும்போது கோல்ட் (cold) என்றோ ரன்னி நோஸ் (runny nose) என்றோ எழுதுவதே முறை.

இந்த ஊரில் மூக்கு ஒழுகினாலே ஃப்ளூ என்று சொல்கிறோம். மலாயில் சளிக்குச் சொல்லும் செல்செமா என்பதை அப்படியே ஃப்ளூ ஆக்கிவிட்டோம். கிளினிக்கில் நம் டாக்டருக்குப் புரியும். வெளிநாட்டில் இருக்கும் முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது அவர் அதை இன்ஃப்ளுயன்சா என்று படிப்பார். காய்ச்சலும் உடல்வலியுமாக ஆளைப் படுக்கையில் போடும் நோய் அது. வெறும் சளி என்றால் கோல்ட் என்றே எழுதுங்கள்.

ஸ்னிஃபிளுக்கு மூலமாக இருக்கும் ஸ்னிஃப் (sniff) என்பது ஒரே ஓர் உறிஞ்சல். வாடை பிடிப்பதற்கும் அதுதான்: ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்ப் பால்) லாரி தெருமுனைக்கு வரும்போதே கண்டுபிடிக்க ஒரு ஸ்னிஃப் போதும். கடைசியில் எல்-இ சேரும்போது அந்தச் செயல் சிறு சிறு அளவில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றாகும். ஸ்பார்க் ஸ்பார்க்கிள் ஆவதும், கிராக் கிராக்கிள் ஆவதும் இப்படித்தான். ஸ்னஃபிள் இன்னொரு தம்பி. மூக்கடைத்துப்போய் சத்தத்தோடு மூச்சு விடுவதற்கும், பன்றியோ நாயோ மண்ணை முகர்ந்து தேடுவதற்கும் அதைச் சொல்வார்கள். ஸ்னிஃப் பின்னால் அட் வந்தால் மட்டும் பொருள் திரும்பிவிடும்: ஒன்றை அலட்சியமாக ஒதுக்குவது. சம்பளத்தைப் பற்றி யாராவது 'நாட் டு பி ஸ்னிஃப்ட் அட்' என்று எழுதியிருந்தால், அது தள்ளிவிடக் கூடிய தொகை இல்லை, வாங்கிக்கொள்ளலாம் என்று பொருள்.