எழுபது வளைவு ஏறி இறங்க: கொல்லிமலைக்கு முதல்முறை கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு

ஊருக்குள் நன்றாக ஓட்டுவீர்கள், நான்குவழிச் சாலையும் பழகிவிட்டது, மலையில் மட்டும் ஓட்டியதில்லை. இப்படி இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். "முதலில் ஏற்காட்டுக்குப் போய்ப் பழகு, அங்கே 20 வளைவுதான்" என்று பலரும் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால் நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையைச் சொல்வேன். அடிவாரம் காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே வேலையை எழுபது தடவை செய்தால் கை தானாகப் பழகிவிடும். விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் ஊட்டி, கொடைக்கானல் போல வண்டிகள் பின்னால் முட்டிக்கொண்டு நிற்காது.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

வார நாள், அதிகாலை. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். அறப்பளீசுவரர் கோயிலுக்கும் கூட்டம் அலைமோதும். அந்த நாட்களில் பேருந்தில் போங்கள், கார் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடுபனியும் மண்சரிவும் சேர்ந்து வரும். முதல் பயணத்தை அப்போது வைத்துக்கொள்ளாதீர்கள். எப்போது போனாலும் இருட்டுவதற்குள் இறங்கிவிடும்படி நேரம் பாருங்கள், இல்லாவிட்டால் மேலேயே தங்கிவிடுங்கள்.

இன்னும் தயக்கமாக இருக்கிறதா? ஒருமுறை நாமக்கல்லிலிருந்து பேருந்து ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் எங்கே கியரை மாற்றுகிறார், எங்கே ஹாரன் அடிக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். எந்த டிரைவிங் ஸ்கூலிலும் இந்தப் பாடம் கிடைக்காது.

2. வண்டியைப் பாருங்கள்

முந்தின நாளே பிரேக்கை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். டயரில் பட்டன் தேய்ந்திருந்தால் மலையை மறந்துவிடலாம். கூலன்ட், ஸ்டெப்னி, வைப்பர், முன்விளக்கு எல்லாம் சரியா? எரிபொருளை நாமக்கல்லிலோ சேந்தமங்கலத்திலோ நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே போய்த் தேடுகிற நிலை வேண்டாம்.

வண்டியில் வருகிறவர்களையும் கவனிக்க வேண்டும். வாந்தி வருகிறவருக்கு முன் சீட். காலையில் இரண்டு இட்லி போதும், எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். போனைப் பார்க்காமல் தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். மாத்திரை போடுவதென்றால் மலை ஏறத் தொடங்குவதற்கு அரை மணி முன்னதாகவே போட வேண்டும். வயிறு புரட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

3. ஏறும்போது

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. அங்கேயே ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். இஞ்சினுக்குச் சுமை குறையும். எதிரே வருகிற வண்டியின் ஹாரனும் காதில் விழும். பாட்டையும் நிறுத்திவிடுங்கள்.

வளைவுக்குள் நுழைந்த பிறகு கியர் மாற்றுவதுதான் புதிதாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தவறு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாவது கியருக்கு வந்து, ஹாரன் அடித்துவிட்டு, ஆக்சிலரேட்டரைச் சீராக மிதித்தபடி திரும்புங்கள். நடுவில் காலை எடுத்தால் வண்டி திணறும்.

வலப்பக்கம் திரும்பும் வளைவு சுலபம். நாம் வெளிவட்டத்தில் இருப்போம், இடமும் இருக்கும், ஏற்றமும் குறைவு. இடப்பக்க வளைவில்தான் சிக்கல். உள்வட்டம் குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். அங்கே தயங்காமல் முதல் கியர் போடுங்கள். மேலிருந்து வண்டி வருகிறதா என்று தலையைத் தூக்கிப் பாருங்கள், வளைவின் அடுத்த அடுக்கு பெரும்பாலும் மரங்களுக்கு இடையே தெரியும். பேருந்து வந்தால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நின்றுவிடுங்கள். அதற்கு முழுச் சாலையும் தேவை.

வண்டி நின்றுவிட்டால் பதற வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். ஸ்டார்ட் செய்து, முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்குவது தெரியும். அப்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டி, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பின்னால் இருப்பவர் எத்தனை ஹாரன் அடித்தாலும் அவசரப்படாதீர்கள். வீட்டுப் பக்கத்தில் ஏதாவது பாலத்தின் ஏற்றத்தில் இதைப் பழகிவிட்டு வந்தால் பாதி பயம் போய்விடும்.

வளைவுகளுக்கு எண் போட்டிருப்பார்கள். அந்தப் பலகையோடு படம் எடுக்கிறேன் என்று வளைவிலேயே வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. அவர்களைச் சொல்லித் திருத்த முடியாது. நீங்கள் அகலமான இடம் வரும்வரை பொறுங்கள்.

4. மேலே

சோளக்காடு வந்தால் ஏற்றம் முடிந்த மாதிரி. செம்மேட்டில் ஓரி சிலை, சீக்குப்பாறை, சேலூர் காட்சிமுனைகள் எல்லாம் பார்க்கலாம். ஒரே இடம்தான் முடியும் என்றால் ஆகாய கங்கை அருவி.

அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது எளிது, அதனாலேயே பலர் ஏமாந்துபோவார்கள். ஒரு நபருக்கு ஒரு தண்ணீர் பாட்டில், பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ, கையில் பிளாஸ்டிக் பை இல்லாமல் இருப்பது (குரங்குகள்). வெயிலுக்கு முன் இறங்கி ஏறிவிடுங்கள். முழங்கால் வலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் கோயிலிலேயே இருக்கட்டும். மழையில் தண்ணீர் பெருகினால் விடமாட்டார்கள், வாதாடாதீர்கள்.

ஏறி வந்ததும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்துப் பாருங்கள். கிழங்கைத் தோலோடு கடையில் அடுக்கியிருப்பார்கள். பழுப்பு ரோமம் மூடி, அசல் ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். மூட்டு வலிக்கு நல்லது என்று விற்கிறார்கள். மிளகு தூக்கலாகச் சூடாக உள்ளே போனால் கால் வலி மறக்கிறது என்பதுவரை நான் சாட்சி.

இறங்குவதற்கு முன் ஓட்டுகிறவர் அரை மணி நேரமாவது உட்கார்ந்து ஓய்வெடுக்க வேண்டும். இந்த விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள்.

5. இறங்கும்போது

உண்மையான பரீட்சை இதுதான். "ஏறின கியர்லயே இறங்கு" என்பது மலை டிரைவர்களின் பழைய வாய்ப்பாடு. இரண்டாவது கியரில் விட்டால் இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் துணைக்குத்தான். பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறி, ஒரு கட்டத்தில் பிடிக்காது. கருகிய வாடை வந்தாலோ, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ அகலமான இடத்தில் ஓரங்கட்டி, அரை மணி ஆறவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் எல் (L, அதாவது குறைந்த கியர்) அல்லது மேனுவல் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை நம்பாதீர்கள். இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவது அதைவிட மோசம்: பவர் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கும் கல்லாகிவிடும்.

சாலை குறுகலாக இருக்கும் இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. சட்டமும் அதுதான். நீங்கள் நின்று வழிவிடுங்கள். பனி மூடினால் டிம் லைட் மட்டும். பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசவைக்கும்.

காரவள்ளி வந்ததும் ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடியுங்கள். சக்கரம் கொதிக்கும், கை வைக்காதீர்கள். சூடு தணியட்டும் என்று தண்ணீரும் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும். தானாக ஆறட்டும்.