கால் பைபாஸ் கோடிங்: ஆபரேஷன் நோட்டில் சறுக்கும் இடங்கள்

காலில் அடைபட்ட தமனியைத் தாண்டி ரத்தம் போக மாற்றுப் பாதை தைப்பதுதான் கால் பைபாஸ். சர்ஜனின் ஆபரேஷன் நோட்டைப் படித்து, பில்லுக்கான சி.பி.டி. எண்ணைப் போடுவது கோடிங். அமெரிக்க சார்ட்டில் நோட்டின் தலைப்பு 'ஃபெமரல் டு பிலோ-நீ பைபாஸ்' (தொடைத் தமனியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை) என்று இருக்கும். முழங்காலுக்குக் கீழே என்றாலே கீழ்க்காலின் டிபியல் தமனிதான் என்று 35566 போட்டுவிடுகிறார்கள். முழங்காலின் பின்புறம் செல்லும் பாப்ளிட்டியல் தமனி முழங்காலுக்குக் கீழும் கொஞ்ச தூரம் ஓடுகிறது. கிராஃப்டின் (மாற்றுப் பாதையாக வைக்கும் சிரை அல்லது குழாயின்) கீழ்முனை அதில் தைக்கப்பட்டிருந்தால், சிரை கிராஃப்டுக்கு 35556தான் சரி. முன், பின் டிபியல் அல்லது பெரோனியல் தமனியில் தைத்திருந்தால்தான் 35566. விடை தலைப்பில் இருக்காது. கீழே அனஸ்டமோசிஸ் (கிராஃப்டும் தமனியும் சேரும் இணைப்பு) தைத்த பத்தியில் இருக்கும்.

அடுத்தது கிராஃப்ட். ஆடிட்டில் அதிகம் பிடிபடுவது 35583, அதாவது பாப்ளிட்டியலுக்கான இன்-சிட்டு (சிரையை இருந்த இடத்திலேயே கிராஃப்டாக்குவது). 'வால்வுலோட்டோம்' (சிரையின் வால்வை வெட்டும் கருவி) என்ற சொல் கண்ணில் பட்டதும் கை தானாக அந்தக் கோடுக்குப் போகிறது. வால்வை வெட்டுவது மட்டும் இன்-சிட்டு ஆகாது. காலின் சஃபீனஸ் சிரையை அதன் படுக்கையிலேயே விட்டு, கிளைகளைக் கட்டி, வால்வுகளை உடைத்து, இரு முனைகளையும் தமனியில் தைத்தால்தான் இன்-சிட்டு. சிரையை முழுதாக வெளியே எடுத்து, வால்வுகளை வெட்டி, திருப்பாமலே டனல் (திசுக்களுக்குள் போடும் பாதை) வழியாகக் கொண்டுபோனால் அது 'நான்-ரிவர்ஸ்ட்'. அதற்கு 35556தான். 'எடுக்கப்பட்டது', 'டனல்' என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். பெரும்பாலும் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பி.டி.எஃப்.இ. என்ற செயற்கைக் குழாய் என்றால் பாப்ளிட்டியலுக்கு 35656, டிபியலுக்கு 35666. அதன் கீழ்முனையில் சர்ஜன் சிரையால் கஃப் (வளையம்) அல்லது பேட்ச் (ஒட்டு) வைத்திருந்தால் 35685 என்ற ஆட்-ஆன் (கூடுதல்) கோடு உண்டு. சர்ஜன் அதை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். உழைத்த சர்ஜனுக்கு வரவேண்டிய தொகை அப்படியே போய்விடுகிறது.

நேர்மாறான தவறும் உண்டு. சஃபீனஸ் சிரையை எடுத்ததற்குத் தனிக் கோடு கிடையாது. அது பைபாஸுக்குள் அடக்கம். கையிலிருந்து ஒரு துண்டு சிரை எடுத்தால் மட்டும் 35500 சேரும். கிராஃப்ட் தைக்கும் இடத்தில் தமனியைத் திறந்து அடைப்பைச் சுரண்டி எடுத்ததைப் பார்த்து, அடைப்பு நீக்கத்துக்கான 35371 சேர்க்காதீர்கள். உள்ளே வரும் ரத்த ஓட்டத்தையும் வெளியேறும் ஓட்டத்தையும் சரிசெய்வது பைபாஸின் பகுதிதான். முடிவில் சர்ஜன் எடுக்கும் ஆஞ்சியோகிராமும் அப்படியே.

'ரீடூ' (மறு ஆபரேஷன்) என்ற சொல்லை மட்டும் நம்பி, மறு ஆபரேஷனுக்கான 35700 போடக் கூடாது. முதல் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். தேதி எங்குமே இல்லையென்றால் சர்ஜனுக்குக் குவரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள், ஊகித்துப் போடாதீர்கள்.

நோய்க் கோடில் (ஐ.சி.டி.-10) ஒரு விஷயம். தமனி அடைப்போடு இடது காலில் புண் இருந்தால் ஐ70.24 வரிசை, வலது காலுக்கு ஐ70.23. இரண்டுக்கும் புண்ணின் ஆழத்தைக் காட்ட எல்97 சேர வேண்டும். ஆழம் ஆபரேஷன் நோட்டில் அநேகமாக இருக்காது. அட்மிஷன் நோட்டையும் காயப் பராமரிப்புக் குறிப்பையும் திறந்து பாருங்கள்.