அமெரிக்கச் சிறுநகரைப் பற்றி எழுதுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கச் சிறுநகரங்களைப் பற்றித் தமிழில் கலைக்களஞ்சியக் குறிப்புகள் எழுதத் தொடங்குவோரின் வரைவுகளைத் திருத்தும்போதெல்லாம், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையே மறுபடியும் காண்கிறேன். எழுத்துப்பிழைகளை அவர்களே கண்டுகொள்வார்கள் என்பதால், எளிதில் கண்ணில் படாதவற்றை மட்டும் ஐயோவா மாநிலத்து வின்டர்செட் நகரை முன்வைத்துச் சொல்கிறேன்.

கவுண்டியின் கணக்கை நகரத்தின் மேல் ஏற்றுவது

வின்டர்செட், மேடிசன் கவுண்டியின் தலைநகர். கவுண்டி என்பது நம் மாவட்டம் போல மாநிலத்தின் ஓர் உட்பிரிவு. 2010 கணக்கெடுப்பின்படி கவுண்டியில் 15,679 பேரும் நகரத்தில் 5,190 பேரும் வாழ்ந்தனர். என் முதல் குறிப்பில் நான் கவுண்டியின் எண்ணை நகரத்துக்கு எழுதிவிட்டேன். பிழையை உணர்ந்து திருத்துவதற்குள் அது ஒரு பொது அறிவுக் கையேட்டில் அச்சாகிவிட்டது. அச்சான பிரதிகளைத் திரும்பப் பெற வழியில்லை. மும்மடங்கு பெருக்கிய அந்த எண்ணைப் படித்துத் தேர்வுக்குப் போன மாணவர்களை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

'தலைநகர்' என்ற சொல்லே நம்மைத் தடுமாற வைக்கிறது. கவுண்டியின் நீதிமன்றமும் அலுவலகங்களும் அமைந்துள்ள ஊர் என்பதே அதன் பொருள். 1870களில் சுண்ணாம்புக்கல்லால் எழுப்பிய நீதிமன்றக் கட்டடம் வின்டர்செட்டின் நடுச் சதுக்கத்தில் நின்றாலும், நகரை ஆள்வது மேயரும் நகர மன்றமும். கவுண்டியை ஆள்வதோ மக்கள் தேர்ந்தெடுக்கும் மேற்பார்வையாளர் குழு. நகர மக்கள் கவுண்டிக் கணக்கிலும் அடங்குவதால் இரண்டு எண்களையும் கூட்டுவதும் தவறே.

கூரையிட்ட மரப்பாலங்களிலும் இதே குழப்பம் நேர்கிறது. 'வின்டர்செட்டில் ஆறு பாலங்கள் உள்ளன' என்று சென்ற மாதமும் ஒரு வரைவில் படித்தேன். ஆறும் கவுண்டிக்கு உரியவை. அவற்றுள் கட்லர்-டோனஹோ பாலம் மட்டுமே 1970இல் இடம் மாற்றப்பட்டு நகரப் பூங்காவுக்கு வந்தது. ஐம்ஸ் பாலம் செயின்ட் சார்லஸ் என்னும் வேறோர் ஊரில் இருக்கிறது. 2017இல் தீக்கிரையாகிப் பின்னர் மீண்டும் கட்டப்பட்ட சீடார் பாலமும் நகர எல்லைக்கு வெளியேதான் உள்ளது.

பெயரை நம்பி ஊரைத் தீர்மானிப்பது

நான்காவது குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மேடிசனின் பெயரைத் தாங்கிய கவுண்டிகள் பல மாநிலங்களில் உள்ளன. விஸ்கான்சின் மாநிலத் தலைநகரான மேடிசன் இருப்பது டேன் கவுண்டியில். ஐயோவாவிலேயே உள்ள ஃபோர்ட் மேடிசன் இருப்பது லீ கவுண்டியில். எனவே மாநிலப் பெயரை விடாமல் எழுதுங்கள்.

பிறந்த ஊரை வளர்ந்த ஊராக்குவது

நடிகர் ஜான் வெய்ன் 1907இல் வின்டர்செட்டில் பிறந்தார், வளர்ந்தது கலிபோர்னியாவில்.

ஆண்டில்லாத எண்

வின்டர்செட்டின் மக்கள்தொகையை '2020இல் 5,353' என்று ஆண்டோடு எழுதுங்கள்.

கவுண்டிக்கு ஒரே தலைநகர் என்று கொள்வது

மேலே சொன்ன லீ கவுண்டிக்கு ஃபோர்ட் மேடிசன், கியோகக் என இரண்டு தலைநகர்கள் உண்டு.