பிளாஸ்மா திரையில் நிழல் தங்கினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேனலை மாற்றிவிட்டீர்கள். ஆனால் பழைய சேனலின் லோகோ மூலையில் மங்கலாக அப்படியே நிற்கிறது. காட்சி வேகமாக நகரும்போது தெரிவதில்லை. வெறும் வானமோ பனி மூடிய மலையோ வந்தால் உடனே கண்ணில் படுகிறது. பிளாஸ்மா டிவி வைத்திருப்பவர்கள் ஒரு நாளாவது இதைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பார்கள்.

முதல் தவறு அந்த நொடியிலேயே நடந்துவிடுகிறது. ‘திரை போச்சு’ என்று முடிவு கட்டி, கேள்விப்பட்ட வைத்தியத்தையெல்லாம் செய்யத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அது தானாகவே மறையக்கூடிய நிழல்தான்.

நிழல் வேறு, பர்ன்-இன் வேறு. முழு எச்டி பிளாஸ்மா திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நுண்ணறைகள். மொத்தம் 62 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றிலும் நியான், செனான் வாயுக்கள் அடைபட்டிருக்கின்றன. மின்னழுத்தம் பட்டதும் வாயு புற ஊதாக் கதிரை விடுகிறது. அறையில் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சு அதை வாங்கித் தன் நிறத்தில் ஒளிர்கிறது. ஓர் அறை நெடுநேரம் பலமாக வேலை செய்தால், உள்ளே கொஞ்சம் மின்னேற்றம் மிச்சம் நிற்கும். அடுத்த படம் வரும்போது அது பக்கத்து அறைகளைப் போல ஒளிராது. இதுதான் தங்கும் நிழல். நகரும் படம் ஓடினால் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ போய்விடும். பர்ன்-இன் என்பது பாஸ்பரே தேய்ந்துபோவது. அதிகம் உழைத்த அறை மற்றவற்றைவிட மங்கிவிடுகிறது. தேய்ந்த பாஸ்பர் மீண்டு வராது.

பாஸ்பர் எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்ந்தால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, டிவி கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். தேய்மானம் இடத்துக்கு இடம் வேறுபடும்போதுதான் தடம் விழுகிறது. கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் ஏதோ ஒரு மூலையை மற்ற இடங்களைவிட அதிகமாக வேலை வாங்குபவைதான்.

இதில் பலரும் நம்பாத ஒன்று இருக்கிறது. முழுத் திரையும் வெள்ளையாக இருப்பதைவிட, கறுப்புப் பின்னணியில் நாலு வெள்ளை எழுத்து இருப்பது அந்த எழுத்து விழும் அறைகளுக்குக் கடுமையானது. என் டிவியில் ஒரு முறை டிஸ்க் மெனுவை அப்படியே விட்டுவிட்டு ஒரு போன் அழைப்பில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்து படத்தைப் போட்டால், இருட்டுக் காட்சிகளில் எல்லாம் அந்த மெனுவின் கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. அதே டிவியில் பகல் முழுக்க வெளிச்சமான விளையாட்டுப் போட்டி ஓடியபோது இந்த அளவுக்கு நிழல் விழுந்ததே இல்லை. காரணம் இதுதான்: முழுத் திரையும் வெளிச்சமாக இருக்கும்போது மின்செலவு எல்லை மீறாமல் இருக்க டிவி ஒவ்வோர் அறையின் ஒளியையும் குறைத்துக்கொள்கிறது. வெளிச்சம் சிறு இடத்தில் மட்டும் என்றால் அந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. அந்தச் சில அறைகள் முழு பலத்தில் எரிகின்றன. ஆகவே பாதியில் நிறுத்திவைத்த (pause) படம், டிஸ்க் மெனு, வீடியோ கேமில் ஓரத்தில் நிற்கும் மதிப்பெண் பட்டை, கணினியை இணைத்தால் கீழே நிற்கும் டாஸ்க்பார் ஆகியவற்றை நீண்ட நேரம் விட்டுவைக்காதீர்கள். எழுந்து போகிறீர்கள் என்றால் டிவியை அணைத்துவிடுங்கள். என் மெனு நிழல் மறுநாள் மாலைக்குள் போய்விட்டது, அதற்காக நான் எதுவும் செய்யவில்லை, வழக்கம்போல டிவி பார்த்தேன்.

அடுத்தது, செட்டிங்கில் தவறான பட்டையைக் குறைப்பது. திரைக்கு நல்லது என்று நினைத்து ‘பிரைட்னஸ்’ஸைக் குறைப்பவர்கள் நிறைய. டிவி மெனுவில் அந்தப் பெயர் நம்மை ஏமாற்றுகிறது. பெரும்பாலான பிளாஸ்மாக்களில் பிரைட்னஸ் என்பது கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. வெள்ளை எவ்வளவு பலமாக எரிய வேண்டும் என்பது ‘கான்ட்ராஸ்ட்’ கையில் இருக்கிறது. குறைக்க வேண்டியது அதைத்தான். பிரைட்னஸைக் குறைத்தால் இருட்டுக் காட்சியில் விவரங்கள் தொலைந்துபோவதுதான் மிச்சம். கடையில் பளபளப்பாகக் காட்டுவதற்காக இருக்கும் டைனமிக், விவிட் மோடுகளில் வருடக்கணக்கில் டிவியை ஓட்டுவதும் இதே வகைத் தவறு. சினிமா மோடுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் மங்கலாகத் தோன்றும், அப்புறம் கண் பழகிவிடும். நிறங்களும் இயல்பாக இருக்கும்.

பழைய 4:3 நிகழ்ச்சிகளை இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு தினமும் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுவரில் பல வருடம் காலண்டர் தொங்கிய இடம், அதை எடுத்த பிறகு மட்டும் புது பெயின்ட் போல நிற்கும் இல்லையா? அதேதான். நடுப்பகுதி உழைத்துத் தேய, ஓரங்கள் புதிதாகவே இருக்கும். என்றைக்காவது முழு அகலப் படம் போட்டால் இரண்டு ஓரமும் நடுவைவிட வெளிச்சமாகத் தெரியும். எப்போதாவது ஒரு படத்தை அப்படிப் பார்ப்பதில் தவறில்லை. தினசரி வழக்கம் என்றால் படத்தைத் திரை முழுக்க விரித்துக்கொள்ளுங்கள். பட்டையைச் சாம்பல் நிறமாக்கும் வசதி உங்கள் டிவியில் இருந்தால் அதுவும் உதவும்.

படத்தை ஓரிரு புள்ளிகள் இப்படியும் அப்படியும் நகர்த்தும் பிக்சல் ஆர்பிட்டர் வசதியைச் சிலர் அணைத்துவைக்கிறார்கள். விட்டுவிடுங்கள், ஓடட்டும். விழக்கூடிய தடத்தின் கூர்மையான விளிம்புகளை அது மழுக்கிவிடும். ஆனால் நாள் முழுக்க ஒரே செய்திச் சேனலை ஓடவிட்டால், அடியில் ஓடும் அந்த அகலமான பட்டையை அதனாலும் காப்பாற்ற முடியாது.

இனி வைத்தியத்துக்கு வருவோம். நிழலைப் போக்க வெள்ளைத் திரையை இரவு முழுக்க ஓடவிடுங்கள் என்று சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வெறும் நிழல் என்றால் சாதாரண நகரும் படமே போதும். டிவியிலேயே இருக்கும், வெள்ளைப் பட்டை ஒன்றைத் திரையில் நகர்த்தும் ஸ்க்ரோலிங் பார் வசதியைச் சிறிது நேரம் போட்டாலும் சரி. நிஜமான பர்ன்-இன் என்றால், வெள்ளைத் திரை அதைக் குணப்படுத்தாது. தேயாத இடங்களையும் தேய்த்து வித்தியாசத்தைக் குறைக்கப் பார்க்கும். அதாவது திரையின் மொத்த ஆயுளைக் கொடுத்து ஒரு தடத்தை மங்கவைக்கிறீர்கள். அதைவிட மோசம், தடம் தெரியாமல் இருக்க கான்ட்ராஸ்டை ஏற்றுவது. இருக்கும் தேய்மானத்தை அது இன்னும் வேகப்படுத்தும்.

ஓஎல்இடி டிவி வைத்திருப்பவர்கள் இந்த வைத்தியங்களை அதற்கு அப்படியே செய்யக் கூடாது. அங்கேயும் சமமில்லாத தேய்மானம்தான் பிரச்சினை, ஆனால் அதைச் சரிக்கட்டும் வேலையைப் பல மாடல்கள் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது தாமாகவே செய்கின்றன. ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைத்தால் அந்த வேலை நடக்காது.

பானசோனிக் 2013 இறுதியிலும் சாம்சங் 2014-லும் பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்திவிட்டன. இன்று வாங்கினால் பழையதுதான் கிடைக்கும். வாங்கும்போது நகரும், வண்ணமயமான வீடியோவைப் பார்த்துத் திருப்திப்படுவதுதான் அங்கே நடக்கும் தவறு. அதில் எந்தத் தடமும் தெரியாது. ஒரு பென் டிரைவில் வெறும் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என நான்கு படங்களைப் போட்டு எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றையும் திரை முழுக்க வைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, நான்கு மூலைகளையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். நீலத்தில் கூடுதலாக நேரம் செலவிடுங்கள். நீல பாஸ்பர்தான் மற்ற இரண்டைவிட முன்னதாகத் தளரும். ஏதாவது தெரிந்தால் அரை மணி நேரம் ஏதாவது படத்தை ஓடவிடச் சொல்லி மறுபடி பாருங்கள். அதற்குள் மங்கத் தொடங்கினால் அது நிழல். கொஞ்சமும் அசையாவிட்டால் விலை பேசுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.